நல்லாய் வளர்ந்த உடம்பு

கொழும்பு வெள்ளவத்தையில் ஃபிளாட் வைத்திருப்பவர்களுக்கு எழுதாத கடமை ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து யார் விசாவுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, விமானம் ஏறவோ வந்தாலும் நம்முடைய வீட்டில்தான் தங்குவார்கள். வரட்டுமா என்று கேட்க மாட்டார்கள். வருகிறோம் என்று அறிவிப்பார்கள். நாமும் மறுக்க மாட்டோம், மறுத்தால் கதை கனடாவில் ரொறன்ரோ வரைக்கும் போகும். அப்படித்தான் போன வருடம் ஒரு பின்னேரம் மாமி தொலைபேசியில் அறிவித்தார்.

"பிள்ளை, கண்ணில வெள்ளை படர்ந்திட்டுதாம். கொழும்பிலதான் ஒப்பரேஷன் செய்யோணுமாம். ஒரு மாதம் உன்னோட வந்து நிக்கிறன்."

"ஓம் மாமி, வாங்கோ," என்றேன். போனை வைத்த கையோடு ஃபிரிட்ஜைத் திறந்து, மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியிருந்த கேக்கை நின்றபடியே தின்று முடித்தேன். எனக்குப் பசி இருக்கவில்லை. சொல்லப்போனால் அந்தக் கேக் எனக்குப் பிடிக்கவும் இல்லை.

மாமி அப்பாவின் அக்கா. என்னை வளர்த்தவர். சண்டை கடுமையாக இருந்த காலத்தில், ஷெல்லடிக்குள் பிள்ளை கிடக்க வேண்டாம் என்று, எட்டு வயதில் என்னை மட்டும் கொழும்புக்கு அனுப்பினார்கள். காலி வீதி என்னும் பெருந்தெருவில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாமியின் வீடு. அவருடைய இரண்டு மகன்மாரும் அப்போதே மீசை வைத்தவர்கள். பின்னர் அவர்கள் கனடா போய்விட்டார்கள், சண்டை ஓய்ந்ததும் மாமி யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டார். நான் வந்திறங்கியபோது எலும்பும் தோலுமாக இருந்தேனாம். மாமி என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தம்பியின்ர பிள்ளையைப் பட்டினி போட்டவள் எண்டு நாளைக்கு ஒருத்தரும் என்னைச் சொல்லக்கூடாது."

அதன் பிறகு அந்த வீட்டில் அதுதான் சட்டம். சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குவித்து என் முன்னால் வைத்துவிட்டு, மாமி கதிரைக்குப் பின்னால் அகப்பையோடு நிற்பார். மெல்லுவது கொஞ்சம் சுணங்கினால் அகப்பைக் காம்பு முதுகில் விழும். வாயை இறுக்கி மூடிக்கொண்டால் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் இரண்டு கன்னத்தையும் பல்லோடு சேர்த்து அழுத்தி, "திற" என்பார். ஒரே ஒரு சொல். சத்தம் போடக்கூட மாட்டார். ஒருநாள் அப்படியே கோப்பைக்குள் சத்தி எடுத்துவிட்டேன். என்னைக் கொண்டே துடைப்பித்துவிட்டு, வேறு கோப்பையில் திரும்பச் சோறு போட்டார்.

அதே மாமி, கணக்கில் புள்ளி குறைந்தால் குசினியைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். அன்றைக்கு இரவுச் சாப்பாடு இல்லை. சில வேளைகளில் அடுத்த நாள் காலையும் இல்லை. ஆகவே கிடைக்கும்போது கிடைத்ததை, யாரும் பறிப்பதற்கு முன், யாரும் அடிப்பதற்கு முன், மளமளவென்று விழுங்கப் பழகிக்கொண்டேன். பசி என்றால் எது, வயிறு நிறைந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. பயம் ஒன்றுதான் நன்றாகத் தெரியும். அதுவும் வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்பதால் இரண்டையும் பிரித்து அறிய முடியவில்லை.

வருடத்துக்கு ஒரு தடவை மாமி எனக்குப் புதுச் சட்டை போட்டு, காலி வீதியில் இருந்த ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுப்பித்து அப்பாவுக்கு அனுப்புவார். ஒவ்வொரு படத்திலும் கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பியிருக்கும். அம்மா அந்தப் படங்களை அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டினாவாம். சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்து அப்பா கொழும்புக்கு வந்தபோது, வாசலிலேயே நின்று மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "அக்கா, என்ர பிள்ளையை நல்லா வளர்த்திருக்கிறியள்," என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ன சொல்வது? முதுகில் தழும்பு இருந்திருந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். கொழுப்பைக் காட்டி யாரிடம் முறையிடுவது? எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் அந்த வீட்டில் அன்பு வழிகிறது என்றுதான் அர்த்தம். எனக்கு எதிரான சாட்சி என் இடுப்பைச் சுற்றியே இருந்தது.

அதற்குப் பிறகு என் உடம்பு என் சொல்லைக் கேட்டதே இல்லை. கலியாணத்துக்காகப் பட்டினி கிடந்து மெலிந்தேன், தாலி ஏறிய வருடமே எடை திரும்ப ஏறியது. குரக்கன் பிட்டு, வெந்தயத் தண்ணீர், கடற்கரையில் நடை, ஜிம் என்று எல்லாவற்றுக்கும் தலையைக் கொடுத்திருக்கிறேன். வெள்ளவத்தையில் தெரிந்தவர்களைக் கண்டால் சுகம் விசாரிக்க மாட்டார்கள், "உடம்பு வச்சிட்டுது என்ன?" என்பார்கள். மெலிந்திருந்தால், "என்ன, சீனி வருத்தமோ?" என்பார்கள். சந்தையில், கோயிலில், சேலைக்கடையில், பல்லுக் கழற்றக் காத்திருக்கும் இடத்தில்கூட என் உடம்பு ஊருக்குப் பொதுச் சொத்து.

கடைசியில் உண்மையாகவே சீனி வருத்தம், நீரிழிவு, வந்தது. என்னைப் பார்த்த டொக்டர் என்னைவிட வயது குறைந்த பெண். எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. நின்றுகொண்டு, வேகமாக, ஆள் இல்லாத நேரம் என்றேன். சின்ன வயதில் இருந்தே இப்படியா என்றார். அகப்பைக் கதையைச் சொன்னேன், சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பயந்து வளர்ந்த பிள்ளையளின்ர உடம்பு பிறகும் பயந்துகொண்டுதான் இருக்கும். அடி, பட்டினி எண்டு வளர்ந்த கனபேர் பெரியாக்களான பிறகு இப்பிடி எடையோட மல்லுக்கட்டிக்கொண்டு வருகினம். இது உங்கட பிழை இல்லை."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் பிழை இல்லை என்றால், முப்பது வருடமாக நான் என்னைத் திட்டிய திட்டெல்லாம் யாருடைய கணக்கில்? படி இறங்கி வந்து, கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் மீன் ரோல்ஸ் வாங்கி, ஒன்றை வாயில் வைத்துக்கொண்டே மற்றதையும் கடித்தேன். டொக்டர் சொன்னது சரி என்று அப்போதுதான் உறைத்தது.

மாமியின் தொலைபேசி வந்தபோது என் மகளுக்குப் பதினொரு வயது. அவள் பிறந்த நாளில் இருந்து என் வீட்டில் நானும் ஒரு சட்டம் வைத்திருந்தேன்: அவளைச் சாப்பிடு என்று ஒருவரும் சொல்லக்கூடாது, சாப்பிடாதே என்றும் சொல்லக்கூடாது. கோப்பையில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு, "அம்மா, எனக்குக் காணும்," என்று எழும்பிப் போவாள். ஒவ்வொரு தடவையும் என் முதுகு கூசும், வாய் வரைக்கும் வார்த்தை வரும், விழுங்கிவிடுவேன். எப்போது காணும், எப்போது போதும் என்று அவளுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியாத ஒன்று என் பிள்ளைக்குத் தெரிகிறது. நான் இந்த உலகத்தில் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டுக்குள்தான் மாமி வரப் போகிறார். கட்டாரில் இருக்கும் கணவரிடம் சொன்னேன். "ஒரு மாதம்தானே, சமாளியும்," என்றார். அவருக்கு முழுக் கதையும் தெரியாது. தெரிந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

மாமி வந்து இறங்கினார். ஆள் அரைவாசியாகிப் போயிருந்தார். என் தோள் உயரம்கூட இல்லை; நான் ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். ஆனாலும் ஓட்டோவில் இருந்து அவர் கால் கீழே படும்போது என்னை அறியாமல் ஓரடி பின்னால் வைத்தேன். வந்ததும் வராததுமாக இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்து, ஓட்டோக்காரரைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். "பாத்தியளே, இது நான் வளர்த்த உடம்பு." தமிழ் விளங்காத ஓட்டோக்காரர் சிரித்துக்கொண்டே பையை இறக்கினார். அன்றைக்குக் குசினிக்குள் மறைந்து நின்று ஒரு பிஸ்கட் பைக்கற்றை முடித்தேன். மகள் தண்ணீர் குடிக்க வந்து, என்னைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே போனாள்.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. நாளுக்குப் பல தடவை கண்ணுக்கு மருந்து விட வேண்டும். மாமி கதிரையில் சாய்ந்து, முகத்தை மேலே காட்டிக்கொண்டு இருப்பார். நான் ஒரு கையால் அவருடைய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் துளி விடுவேன். அந்த முகம் முழுவதும் நம்பிக்கையாக இருக்கும். "உன்ர கை நல்ல மெத்து," என்பார். எனக்கு இரக்கம் வரும். இரக்கம் வந்ததற்காக என் மேலேயே எரிச்சலும் வரும். நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும், மகளைத் தொடாமல் போகட்டும் என்று நாட்களைத் தள்ளினேன். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் மாமி என் மகளைக் காட்டி, "இதென்ன பிள்ளை நூல் மாதிரி? தாய் ஒபிஸுக்குப் போனால் பிள்ளைக்கு ஆர் சோறு தீத்துறது, ஊட்டுறது?" என்றார். எல்லோரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் மகள் பெரியபிள்ளையானாள். பள்ளிக்கூடம் வெளிக்கிடும் நேரம் குளியலறையில் இருந்து என்னைக் கூப்பிட்டாள். அவளைக் கட்டிப்பிடித்து, வேண்டியதைக் கொடுத்து, மெதுவாக விளங்கப்படுத்தி, சத்தமில்லாமல் முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். மாமிக்குக் கண்தான் பழுது, காது கத்தி. "ஐயோ, என்ர ராசாத்தி!" என்று கொண்டு கதவடிக்கு வந்துவிட்டார். பத்து நிமிடத்தில் கனடாவுக்குச் செய்தி போனது. முதல் தண்ணீர் வார்ப்பது பிள்ளைக்கு மாமி முறைக்காரர்தான்; அப்படி ஒருவரும் பக்கத்தில் இல்லாததால், மூத்தவர் என்று அந்த உரிமையை இவரே எடுத்துக்கொண்டார். தண்ணீர் வார்த்தார், ஆரத்தி எடுத்தார், மகளும் புதுச் சட்டையும் பரிசும் கிடைக்கும் என்று சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு சாப்பாடு. எங்கள் ஆட்களிடம் பெரியபிள்ளையான பெண்ணுக்கு இடுப்புப் பலக்க வேண்டும் என்று உளுத்தங்களி, நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், சரக்கு அரைத்த கறி என்று ஒரு முறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதல், காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டை. அதைக் குடித்த கையோடு அதே முட்டைக் கோதில் நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்க வேண்டும். எனக்கு அது நடந்தபோது மாமி எப்படிக் கொடுத்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போய்ச் சொன்னேன்.

"மாமி, களி பரவாயில்லை. பச்சை முட்டை வேண்டாம். எண்ணெயும் வேண்டாம். அவவுக்கு விருப்பம் இல்லாத ஒண்டையும் தீத்த வேண்டாம்."

"சரி பிள்ளை. உன்ர பிள்ளை, உன்ர விருப்பம்," என்றார் மாமி.

இவ்வளவு லேசாக முடிந்ததா என்று எனக்கே நம்ப முடியவில்லை. லீவு முடிந்து பம்பலப்பிட்டியில் இருக்கும் ஒபிஸுக்குப் போகத் தொடங்கினேன். சடங்கு முடியும்வரை மகளைப் பள்ளிக்கூடத்துக்கு விடக்கூடாது என்றபடியால் பகல் முழுக்க அவளும் மாமியும் மட்டும்தான் வீட்டில். வேலை ஓடவில்லை. அடிக்கடி போன் எடுத்தேன். "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டனி? விருப்பமாச் சாப்பிட்டனியா?" ஒவ்வொரு தடவையும், "ஓம் அம்மா, ஓகே அம்மா," என்றாள். போனை வைத்துவிட்டு, மேசை லாச்சிக்குள் இருந்ததைத் தின்றேன். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் அவள் இரவுச் சாப்பாட்டைத் தொட மாட்டாள். பசியில்லை என்பாள். தன் வயிறு தனக்குத் தெரியும் பிள்ளைதானே என்று என்னை நானே ஆற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை சந்தைக்கு வெளிக்கிட்டேன். ஒழுங்கை முனைக்குப் போன பிறகுதான் பார்த்தேன், பை இருக்கிறது, பேர்ஸ் இல்லை. திரும்பி வந்து திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் இருந்து பார்த்தால் குசினி நேரே தெரியும்.

மகள் ஸ்டூலில் இருந்தாள். மாமி முன்னால் நின்றார். வலது கையில் உடைத்த முட்டைக் கோது. இடது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் என் பிள்ளையின் கன்னத்தில்.

"திற," என்றார் மாமி.

என் வாய் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கில் காற்றுப் பட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. நாற்பது வயது தாண்டியவள், ஒரு பிள்ளையின் தாய், கையில் சொந்த வீட்டுத் திறப்பு, வாயைப் பிளந்துகொண்டு வாசலில் நிற்கிறேன். அதற்குள் மகள் ஒரு சத்தமும் போடாமல் தன் மூக்கைத் தானே பொத்தி, கண்ணை மூடி, ஒரே மிடறாக விழுங்கிவிட்டு, பக்கத்தில் இருந்த பனங்கட்டித் துண்டுக்குக் கையை நீட்டினாள். அந்தக் கை பனங்கட்டியைத் தேடவே இல்லை, அது எங்கே இருக்கும் என்று தெரிந்து போனது.

"மாமி, கையை எடுங்கோ."

என் குரல் கீச்சென்று வந்தது. மாமி திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏன் பிள்ளை கத்துறாய்? பிள்ளை குடிக்கிறாள்தானே. நாளைக்குப் பிள்ளை பெற இடுப்பில பலம் வேண்டாமே? உனக்கும் இப்பிடித்தானே தந்தனான். இப்ப பார், எப்பிடி இருக்கிறாய் எண்டு."

"ஓம் மாமி, பாருங்கோ. எப்பிடி இருக்கிறன் எண்டு வடிவாப் பாருங்கோ."

அதற்குப் பிறகு என் வாயை மூட முடியவில்லை. சீனி வருத்தம், டொக்டர், அகப்பைக் காம்பு, பூட்டிய குசினி, சத்தி எடுத்த கோப்பை, ஸ்டூடியோப் படம் எல்லாம் முன்னுக்குப் பின்னாகக் கொட்டியது. அழுதேனா கத்தினேனா தெரியாது. மாமி ஒப்பரேஷன் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். முட்டைக் கோதை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"குசினி பூட்டினது எனக்கு ஞாபகம் இல்லை," என்றார் கடைசியில். "அடிச்சிருப்பன். அந்தக் காலத்தில ஆர் அடிக்கேல்லை? தம்பி என்னை நம்பி விட்ட பிள்ளை. நீ வரேக்க செத்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தனி. என்ர கையில செத்துப்போடுவாய் எண்டு எனக்குப் பயம்."

அவருக்கும் பயம். அந்த வீட்டில் இரண்டு பேர் பயத்தோடு இருந்திருக்கிறோம், ஒருவர் கையில் மட்டும் அகப்பை இருந்திருக்கிறது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து விட்டுக்கொடுக்க அன்றைக்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. தெஹிவளையில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் எடுத்து, மாமியை அவர்களோடு கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொன்னேன். அவன் காரணம் கேட்டான். மாமியிடமே கேள் என்றேன். பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போனான். கண் மருந்து எத்தனை மணிக்கு எந்தக் கண்ணில் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மாமி படி இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கதை இந்நேரம் கனடா போய்ச் சேர்ந்திருக்கும், போகட்டும் என்று கதவைச் சாத்தினேன்.

மகள் தன் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன்.

"எப்ப இருந்து?"

"நீங்க ஒபிஸ் போகத் தொடங்கின நாளில இருந்து. காலையில முட்டை. பிறகு களி. பிறகு சோறு."

"நான் எத்தனை தரம் போன் எடுத்தனான்? ஏனம்மா என்னட்டச் சொல்லேல்லை?"

அவள் கட்டில் விரிப்பை நீவினாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு அவவில பயம் எண்டு எனக்குத் தெரியும். அவ வந்ததில இருந்து நீங்க ஒளிச்சு ஒளிச்சுச் சாப்பிடுறீங்க. நான் சொன்னா நீங்க இன்னும் பயப்படுவீங்க. அதான் குடிச்சிட்டன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றுவதற்காக ஒன்றும் சொன்னாள். "கஷ்டம் இல்லை அம்மா. மூச்சை அடக்கினா ஒண்டும் தெரியாது."